சாக்லேட் மேல் பழி போடும் முன்

மதியம் சாக்லேட், சாயங்காலம் மண்டையிடி. பழி சாக்லேட் மேல்தான் விழும். ஆனால் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, மூளையில் வேலை ஆரம்பித்துவிடுகிறது. ஓயாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை. சாக்லேட்டைத் தின்ன வைத்ததே வரப்போகிற தலைவலியாக இருக்கலாம். கழுத்துப் பிடிப்பும் அப்படித்தான். பாவம், தலையணை என்ன செய்யும்?

மருந்து எடுக்காவிட்டால் வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். விண்விண்ணென்று தெறிக்கும், படியேறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. பெரும்பாலும் ஒரு பக்கம். இரு பக்கமும் வரலாம். மூக்கடைத்துக் கண்ணில் நீர் வந்தால் 'சைனஸ்', வாந்தியெடுத்ததும் லேசானால் 'பித்தம்' என்று சொல்லியே வருடங்கள் ஓடிவிடும். சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னும் கோணல்மாணல் கோடுகள் மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மறையும். இது உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரை தொடங்குமுன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

வலியைத் தூண்டும் காரணங்கள் பெரும்பாலும் கூட்டாகத்தான் வரும். காலை டிபனைத் தள்ளிப்போட்டாலும் சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. அதுவே மாதவிலக்குக்கு முந்தைய நாளாக இருந்து, தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் வெயிலில் போனால் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிக்கு அதிகத் தூக்கமும், ஏழு மணிக் காபி பத்து மணிக்குத் தள்ளிப்போனதும் காரணமாகலாம். அதனால் டைரியில் வலி வந்த நாளை மட்டும் எழுதினால் போதாது. தூக்கம், சாப்பாட்டு நேரம், மாதவிலக்கு, மாத்திரை எல்லாவற்றையும் வலியில்லாத நாளிலும் குறியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பிடிபடும்.

மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். வலி முற்றினால் வயிறு மந்தமாகி, மாத்திரை உள்ளேயே கிடக்கும். ஆனால் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவை மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அந்த நிலைக்கு முன்பே, தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியை மைக்ரேன் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் என்றால் டைரியெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.