பூச்சு மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

லிஃப்ட் போட்டால் நாலு தடவை ஓட்டிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. தண்ணீர்க் குழாய்க்குக் கூட பிரஷர் ஏற்றிப் பார்க்கிறார்கள். மொட்டை மாடி, வெளிச்சுவர், ஜன்னல் இந்த மூன்றை மட்டும் ஐப்பசி மழை வந்து சோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். அதற்குள் மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போயிருப்பார், உள்ளே பட்டியும் பெயிண்டும் அடித்து முடித்திருக்கும்.

அமெரிக்காவில் கட்டடத்தின் இந்த வெளிக்கூட்டைச் சோதித்து ஒப்படைப்பதற்கென்றே 2012இல் ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பிடமிருந்து இ 2813 என்று ஒரு தரநிலை வந்தது. பெரிய கட்டடங்களை மனதில் வைத்து எழுதியது. ஆனால் அதன் சாரம் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் பொருந்தும்: என்ன வேண்டும் என்பதை முதலிலேயே எழுது, ஒவ்வொரு அடுக்கையும் அடுத்தது மூடுவதற்கு முன் சோதி, சரிசெய்தால் மறுபடி சோதி, எல்லாவற்றுக்கும் பதிவு வை.

ஒப்பந்தத்தில் "ஒழுகாமல் கட்டித் தர வேண்டும்" என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை, ஒழுகிய பிறகு சண்டை போடத்தான் உதவும். "தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திய பின் அடியில் ஈரம் இருக்கக் கூடாது, இருந்தால் அடுத்த தவணை கிடையாது" என்று எழுதுங்கள்.

மொட்டை மாடி

கான்கிரீட் ஆற்றுவதற்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோமே, அந்த நாட்களில் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடியில் இருப்பதால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சென்ட்ரிங் பிரித்ததும் அதே பாத்திகளில் இன்னொரு நாள் தண்ணீர் விடுங்கள். கீழே ஈரம் தெரியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்துவிட வேண்டும். ஒன்று கவனம்: ஃபேன் பாக்ஸில் சொட்டினால் ஓட்டை அதற்கு நேர் மேலே இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் மின்கம்பி போகும் கண்ட்யூட் பைப்புக்குள் புகுந்து பல அடி தள்ளி வந்து சொட்டும்.

இரண்டாவது சோதனை வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் காய்ந்த பிறகு. இதுதான் முக்கியமானது, இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கோட்டிங் கைப்பிடிச் சுவரில் குறைந்தது ஓர் அடி உயரம் ஏறியிருக்க வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையில் வளைவாகக் கலவை வைத்து, அதன் மேல் கோட்டிங் வந்திருக்க வேண்டும். மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். மூலை வளைவு முழுவதும் நனைய வேண்டும். அதே சமயம் கோட்டிங்கின் மேல் விளிம்பைத் தண்ணீர் தொடக் கூடாது. தொட்டால் கோட்டிங்குக்குப் பின்னால் புகுந்து, நல்ல வேலையையே ஓட்டை என்று காட்டிவிடும்.

எவ்வளவு தண்ணீர்? சராசரியாக 50 மில்லிமீட்டர் உயரம் என்றால் ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 4,650 லிட்டர். எடை சதுர மீட்டருக்கு 50 கிலோ. ஆள் ஏறிப் புழங்கும் மாடி தாங்க வேண்டியதாக ஐஎஸ் 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு 75 கிலோதான். இதில் வாட்டத்தையும், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவையும், கணக்கில் எடுக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் 6 மீட்டர் நீளத்துக்கு 60 மில்லிமீட்டர் இறக்கம் வரும். மேட்டில் 25 மில்லிமீட்டர் நிறுத்தினாலே பள்ளத்தில் 85 ஆகிவிடும், அங்கே எடையும் சதுர மீட்டருக்கு 85 கிலோ. எனவே மாடி முழுவதையும் ஒரே குளமாக்காமல் 3 மீட்டருக்கு ஒரு கரை போட்டுப் பாத்தி பாத்தியாகச் சோதிப்பதே சரி.

"வெயிலில் வற்றிவிட்டது சார்" என்ற பதில் எல்லா சைட்டிலும் வரும். அதற்கு மருந்து, வாய் அகன்ற பேசின் ஒன்று. தண்ணீர் ஊற்றி அதே மாடியில் வைத்து, பேசினிலும் சுவரிலும் பென்சில் கோடு போடுங்கள். பேசினில் இறங்கியதைவிடப் பாத்தியில் தெளிவாக அதிகம் இறங்கியிருந்தால் அது வெயிலின் வேலை அல்ல.

செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு ஓடு பதித்த பிறகு கடைசியாக ஒரு நாள் நிறுத்துங்கள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் பதித்த ஓடுகளைப் பெயர்த்து வாட்டத்தைத் திருத்த வேண்டும். மேலே ஒரு கோட்டிங் அடித்து மழுப்ப விடாதீர்கள். ஒரு குழாய் இலை அடைத்தாலும் இன்னொன்று வடிக்கும்படி குறைந்தது இரண்டு குழாய்கள் இருக்கட்டும். இரண்டும் அடைத்துக்கொண்டால் வழிந்தோட, கோட்டிங்கின் மேல் விளிம்புக்குக் கீழே கைப்பிடிச் சுவரில் ஒரு துவாரம் வேண்டும்.

ஜன்னல்

யூபிவிசி, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்களின் கீழ்த் தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளை வழியாகச் சில நொடிகளில் அது வடிய வேண்டும். வடியாவிட்டால் பெரும்பாலும் பூச்சு வேலைக்காரர் கலவையிலோ, பெயிண்டர் பட்டியிலோ அந்தத் துளை மூடிப்போயிருக்கும். ஒழுகுகிறது என்று சொன்னதும் வெளியே சுற்றிலும் சிலிகான் அடித்து அதே துளையையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அடுத்த மழையில் தடம் நிரம்பித் தண்ணீர் ஹாலுக்குள் வரும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இணைப்புக்கு ஹோஸ் சோதனை. அமெரிக்க ஜன்னல் தயாரிப்பாளர் சங்கமான ஆமாவின் (AAMA) 501.2 முறைப்படி நாசிலில் 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தம், ஓர் அடி தூரம், 5 அடி நீள இணைப்புக்கு 5 நிமிடம். இந்த அழுத்தத்துக்கு 20 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும் என்பதால் மொட்டை மாடித் தொட்டி போதாது, பம்பிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். கார் கழுவும் பிரஷர் வாஷர் வேண்டாம், அது சீலன்ட்டையே பெயர்த்துவிடும். இந்த முறை திறக்காத இணைப்புகளுக்கு மட்டும்; திறந்து மூடும் கதவின் மேல் நேராக அடித்துவிட்டு ஜன்னல்காரரைக் குறை சொல்லக் கூடாது. அதற்கு ஏஎஸ்டிஎம் இ 1105இன்படி சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் வீதம் பரவலாகத் தெளிக்கும் சட்டகம் வேண்டும்.

கீழிருந்து மேலே போங்கள்: முதலில் சில் (ஜன்னலின் கீழ் விளிம்பு), பிறகு பக்கங்கள், கடைசியாக லிண்டல் (மேல் விளிம்பு). மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இணைப்பிலும் வழிந்து, எது குற்றவாளி என்றே தெரியாமல் போகும். உள்ளே ஓர் ஆள் டார்ச்சோடு நிற்க வேண்டும். சென்னை, கடலூர், நாகைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்கு, வடக்குச் சுவர்களில்தான் பலமாக அடிக்கும். எல்லா ஜன்னலையும் பார்க்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் ஜன்னல் பொருத்தியதும் அதைச் சோதித்துவிட்டு மீதியைப் பொருத்தச் சொல்வது இன்னும் புத்திசாலித்தனம்.

வெளிச்சுவரும் குளியலறையும்

பூச்சுக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் இருபுறமும் 15 சென்டிமீட்டர் கோழிவலை இருக்கிறதா, சாரம் கட்டிய ஓட்டைகளை வெறும் செங்கல் துண்டு செருகி மூடாமல் கான்கிரீட் போட்டு அடைத்தார்களா, சன்ஷேடு அடியில் தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டும்படி காடி வெட்டியிருக்கிறார்களா. பெயிண்டுக்கு முன் 45 சென்டிமீட்டர் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை, பெயிண்டரை அனுப்பிவிடுங்கள்.

குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திய குளியலறைப் பள்ளத்தில் முதலில் குழாய்களின் பிரஷர் சோதனை, பிறகு 48 மணி நேரத் தண்ணீர், அதன் பிறகே நிரப்புதல். வரிசை மாறினால் கசிவது குழாயா தளமா என்று கண்டுபிடிக்க டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் தண்ணீர் நிறுத்தும் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸிலும், கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த தளத்திலும் அந்தச் சுமை ஆபத்து. அங்கே பகுதி பகுதியாகத் தெளித்துப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகு மற்றது.

ஒவ்வொரு சோதனையிலும் தேதி, நேரம், தண்ணீர் உயரம், கண்டுபிடித்த குறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள். பில்டரிடம் வாங்கும் ஃப்ளாட் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்துக்குள் வந்தால், கையில் ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் சொல்லும் கட்டுமானக் குறையை 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது பிரிவு 14(3). அங்கும் இந்த நோட்டு பேசும்.

எல்லாச் சோதனையும் தேறிய மாடியை ஒரே நாளில் கெடுப்பது டிரில் மெஷின். சோலார் ஸ்டாண்ட், டிஷ், ஏசி அவுட்டோர் யூனிட் என்று வருகிறவர்கள் கோட்டிங்கைத் துளைத்து போல்ட் இறக்கிவிடுவார்கள். ஸ்டாண்டைத் தளத்தைத் துளைக்காத கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தச் சொல்லுங்கள். காற்றின் வேகத்துக்கு ஏற்ற எடையை அவர்களே கணக்குப் போட்டுத் தரட்டும். துளைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் பாத்தி கட்டி, 24 மணி நேரம் மறுபடி தண்ணீர் நிறுத்த வேண்டும். அதற்கான செலவு அவர்கள் கொட்டேஷனிலேயே வந்துவிடட்டும்.