உப்புவெளி விறாந்தையில் ஒரு சாப்பாட்டு மேசை: படம் தேர்ந்த அனுபவம்

என் தங்கை குடும்பம் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் வியாபாரம். வாடை தொடங்கி மழை பிடித்தால் கடலும் கொந்தளிக்கும், அறைகளும் வெறிச்சோடும். ஆகவே பருவத்துக்கு முன்பே உணவுப் பட்டியலைப் புதிதாக அச்சடித்துவிட வேண்டும், அதில் சாப்பாட்டு மேசைப் படங்கள் வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். "கலியாண வீட்டுப் பந்தியைப் பிளாஷ் அடித்து எடுத்த மாதிரி இருக்கக் கூடாது, அண்ணா" என்றாள் தங்கை. நான் திருகோணமலை நகரத்தில் கலியாண வீட்டுப் பந்திகளைப் பிளாஷ் அடித்து எடுத்தே பிழைக்கிறவன். யாருக்குச் சொன்னாள் என்று கேட்கத் தேவையில்லை.

எடுப்பது ஒரு வேலை. எடுத்ததில் எது தேறும் என்று பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை. நான் எழுதுவது பெரும்பாலும் அந்தப் பின்வேலையைப் பற்றி.

முதலில் அந்த விறாந்தையின் வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். வீட்டின் முகப்பு கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் கடலுக்கு மேலால் வந்து மேசையில் நீளமாகப் படுக்கும். ஒன்பது மணி கடந்தால் அது கூரைக்கு மேல் ஏறிவிடும். அதன் பிறகு மேசைக்கு வருபவை இரண்டு வெளிச்சங்கள்: நீல வானத்திலிருந்து ஒன்று, கடற்கரை மணலில் பட்டுத் திரும்பும் மஞ்சள் வெளிச்சம் இன்னொன்று. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நாட்களில் அந்த வேளையில் யன்னல் வழியாகவோ விறாந்தை ஓரமாகவோ வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை, எல்லாம் மணல் கொடுக்கும் வெளிச்சம்தான். பின்னேரம் வீட்டின் நிழலே விறாந்தையை மூடிவிடும். கண்ணுக்கு இதமாக இருக்கும். கமராவுக்கு எல்லாமே நீலம்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி 1,900 அளவில், மஞ்சள் பல்ப் 2,700 முதல் 3,000 வரை, நண்பகல் வெயில் ஏறக்குறைய 5,500, மேகம் மூடிய வானம் 6,500 அளவில். வெயில் படாத திறந்த நிழல் 7,500க்கு மேலும் போகும். எண் ஏற ஏற வெளிச்சம் நீலம். ஆனால் கமராவிலோ கணினியிலோ அதே எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும். தொழிலில் இருப்பவர்கள்கூட இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'வெளிச்சம் இவ்வளவு நீலம்' என்று நாம் கருவிக்குச் சொல்கிறோம். அது ஈடுசெய்வதற்கு மஞ்சளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கமராவே நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி வெண்சமநிலையை நான் முதலிலேயே நிறுத்திவிட்டேன். தன் முன்னால் இருப்பதைக் கொண்டு கமரா ஊகிக்கிறது. தேக்கு மேசை, அதன்மேல் பருப்பு, சொதி, மாம்பழம் என்று இருந்தால் இத்தனை மஞ்சளுக்கும் வெளிச்சமே காரணம் என்று எண்ணி நீலத்தைக் கொட்டிவிடும். நண்டுக்கறியை நெருங்கி எடுத்தால் ஒரு நிறம், பின்னால் நகர்ந்து கடலையும் சேர்த்தால் வேறு நிறம். ஒரே மேசையில் ஒரே நேரத்தில் எடுத்த படங்கள் இரண்டு வீட்டுச் சமையல் போல் ஆகிவிடும். கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்தால் வெண்சமநிலையைப் பிறகு மாற்றலாம் என்பது உண்மை. வழக்கமான ஜேபெக் கோப்பில் அது படத்தோடு இறுகிவிடும். ரோவிலும்கூட, கெல்வின் எண்ணைப் பூட்டி வைத்தால்தான் படங்களை வரிசையாக வைத்து ஒப்பிட முடியும். ஆகவே எண்ணைப் பூட்டிவிட்டு, வெளிச்சம் மாறும்போதெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில், வேறு நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

தங்கை கைபேசியில் எடுத்த படங்களும் தேர்வில் இருந்தன. அவற்றில் அட்டை கிடையாது. படத்தில் வெள்ளையாக உள்ள எதையாவது மென்பொருளில் தொட்டு, 'இதுதான் வெள்ளை' என்று காட்டிச் சரிசெய்வது வழக்கம். எதைத் தொடுவது? மேசை விரிப்பு பளிச்சென்ற வெள்ளை. ஆனால் சலவைத் தூளில் உள்ள ஒளிரூட்டி வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளியே விடுகிறது, போதாததற்குத் தங்கை கடைசி அலசலில் நீலமும் போடுகிறவள். அந்த விரிப்பைத் தொட்டால் மென்பொருள் நீலத்தைக் கழிக்கும், மேசை முழுவதும் மஞ்சள் ஏறும். எருமைத் தயிர் நல்ல வெள்ளைதான், ஆனால் சட்டியின் மண் நிறம் அதன் ஓரமெல்லாம் படிந்திருக்கும். இடியப்பம் வெள்ளை அரிசிமாவில் அவித்ததாக இருந்தாலும் தூய வெள்ளை இல்லை. பீங்கான் தட்டு கடைக்குக் கடை ஒரு வெள்ளை.

எனக்குக் கைகொடுத்தது உப்பு. கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த தூள் உப்புக்குச் சாயமும் கிடையாது, ஒளிரூட்டியும் கிடையாது. அதிலும் வெயில் பட்டு வெளுத்த பகுதியைத் தொடக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று உச்ச அளவான 255ஐத் தொட்டிருந்தாலும் அந்தப் புள்ளி காட்டும் கணக்கு பொய்.

உப்பு வெள்ளையாகிவிட்டால் படம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. காலை ஏழு மணி வெயிலில் எடுத்த இடியப்பத் தட்டை அட்டை சொன்ன எண்ணுக்கே கொண்டுவந்து பார்த்தேன். குற்றம் சொல்ல எதுவுமில்லை, ஆனால் காலையைக் காணவில்லை. சில நூறு கெல்வின் மேலே ஏற்றியதும் வெயில் பட்ட பக்கம் பொன்னிறமாகவும், கிளாசின் நிழல் கொஞ்சம் நீலமாகவும் நின்றது. அந்த நீல நிழலைத்தான் பலர் குறை என்று நினைத்துத் துடைக்கிறார்கள். வெயில் மஞ்சளாக இருக்கும் காலையில் நிழலுக்கு வானத்தின் வெளிச்சம்தான் கிடைக்கிறது. அது நீலமாக இருப்பதுதான் நியாயம். பின்னேரப் படங்களில் சிக்கல் வேறு. மேசை நிழலில், கடல் வெயிலில். கறியைச் சரிசெய்தால் கடல் கலங்கி மஞ்சளாகிறது. கடலை நீலமாக வைத்தால் கறி செத்துப்போகிறது. கடல் தெரியும் பின்னேரப் படங்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டேன். தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வடக்கு மூலைப் படங்களைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. மழைக்காக அங்கே ஒளிபுகும் பச்சைப் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறார்கள். பச்சைக்கு மாற்று மஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு. அதைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒரு நகர்த்துகோல் மென்பொருளில் இருக்கிறது. அதைத் தள்ளினால் சோறு தேறுகிறது, கடற்பக்க வெளிச்சம் படும் சுவர் ஊதாவாகிறது. நண்டின் ஓடு மட்டும் எதற்கும் அசையாமல் மண்ணிறமாகவே கிடந்தது. தகடு வடிகட்டிவிட்ட சிவப்பைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? மேசையைத் தூக்கி இரண்டு தூண் தள்ளிப் போட்டு எடுத்த படம் எந்தத் திருத்தமும் இல்லாமல் தேறியது. வாழையிலையின் பச்சை சோற்றின் அடியில் படிவது இந்த வகையில் சேராது. அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இனி, கண். மஞ்சளான படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அதுவே சரியென்று தோன்றும். கண் தானாக ஈடுசெய்துகொள்ளும். தங்கை இரவில் படுக்கையில் இருந்தபடி கைபேசியில் பார்த்துவிட்டு "எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன" என்று அனுப்பினாள். கைபேசி இரவுக்கென்று திரையை மஞ்சளாக்கியிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். என் கணினியில் பின்னணியைச் சாம்பல் நிறமாக்கி, இரண்டிரண்டு படங்களாகப் பக்கத்தில் வைத்து, இடையிடையே எழுந்து வெளியே போய் வந்து பார்த்தேன். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்து நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் இறுதித் தீர்ப்பு அம்மாவுடையது. அவருக்குக் கெல்வினும் தெரியாது, அட்டையும் தெரியாது. ஒரு படத்தைப் பார்த்து, "தம்பி, இந்தச் சொதிக்கு மஞ்சள் போடவில்லையா?" என்று கேட்டார். போட்டிருந்தது, நீலம் ஒரு சொட்டுக் கூடியிருந்தது. இன்னொன்றைப் பார்த்து, சம்பலுக்குச் செத்தல் மிளகாய் அதிகம் என்றார். சமைத்துப் பழகியவர்களுக்குச் சொதியின் நிறமும் சம்பலின் நிறமும் மனத்தில் பதிந்திருக்கின்றன. அன்றிலிருந்து உப்பில் தொடங்கிச் சொதியில் முடிப்பது என் வழியாகிவிட்டது.

படத்தின் அமைப்பிலும் அம்மாதான் முதல் அடி கொடுத்தார். தங்கை நேர் மேலிருந்து எடுத்த வாழையிலைப் படம் ஒன்று நிறத்தில் பழுதில்லாதது. அம்மா பார்த்தவுடன், "இந்த இலையில் யாரை இருத்தப் போகிறீர்கள்?" என்றார். மேசையின் மறுபக்கத்தில் நின்று எடுத்ததால் இலையின் நுனி படத்தில் வலப்பக்கம் போயிருந்தது. சாப்பிடுகிறவருக்கு நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும்; தமிழ் வீட்டுக் கண் அதைத்தான் முதலில் பார்க்கும். "படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் போயிற்று" என்றாள் தங்கை. திருப்பினோம். நுனி சரியான பக்கம் வந்தது, ஆனால் வெளிச்சம் கீழிருந்து வரத் தொடங்கியது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே மூளை எடுத்துக்கொள்ளும். ஆகவே கறிக்கிண்ணங்களின் குழிவு குமிழாகத் தெரிந்தது. படம் போயிற்று. வேறு இலை விரித்து, சாப்பிடுகிறவர் பக்கம் நின்று, கடல் வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து வரும்படி மேசையைத் திருப்பி எடுத்தேன்.

வெள்ளைக்காரக் காலை உணவு மேசைக்கும் இப்படி இலக்கணம் உண்டு: முள்ளுக்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், கூர் தட்டைப் பார்த்தபடி, தண்ணீர்க் கிளாஸ் கத்தி முனைக்கு மேலே. நாம் கவனிக்காவிட்டாலும் வருகிறவர்கள் கவனிப்பார்கள்.

சாய்வாக எடுத்தவற்றில் பெரும்பாலானவை வில்லையால் கெட்டன. கைபேசியின் சாதாரண வில்லை அகலமானது. நெருங்கிப் போனால் முன்தட்டு ஊதிப் பெருக்கும், ஓரத்தில் உள்ள வட்டத் தட்டு முட்டையாக இழுபடும், கிளாஸ்கள் சரியும். இரண்டடி பின்னால் போய் இரு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தவை தப்பின. கடலின் கோடு கிளாசின் கழுத்தை வெட்டிய படங்களைக் கழித்தேன். வெளிச்சம் கமராவின் பின்னாலிருந்து வந்தவற்றையும் கழித்தேன்; குழம்பின் எண்ணெய்ப் பளபளப்பு பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ வெளிச்சம் வந்தால்தான் தெரியும். எதிர்வெளிச்சத்தில் முன்பக்கம் இருண்டால் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும்.

அச்சகத்தில் மாதிரித் தாளை நீட்டியபோது உள்ளே எல்.ஈ.டி வெளிச்சம். அச்சில் நிறம் பார்ப்பதற்கு 5,000 கெல்வின் வெளிச்சத்தைத்தான் தரமாக வைத்திருக்கிறார்கள். அது இல்லாத இடத்தில் வாசலுக்குப் போவதே வழி. வெயில் நேராகப் படாத இடத்தில் பிடித்துப் பார்த்தோம். திரையில் எரிந்த சம்பல் தாளில் அடங்கியிருந்தது. அச்சகத்தின் நான்கு நிற மையில் அவ்வளவுதான் வரும். சொதி சரியாக இருந்தது. அடிக்கச் சொல்லிவிட்டோம்.

இப்போது தங்கை இரவுச் சாப்பாட்டுக்கும் படம் கேட்கிறாள், விளக்கு வெளிச்சத்தில். டியூப் லைட்டை அணைத்துவிட்டு மேசைக்கு மேல் மஞ்சள் பல்ப் மட்டும் எரிய வேண்டும், வானத்தில் நீலம் மிஞ்சியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் சமையலும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சமையல்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.