எல்லை சொல்லும் சாசனம்

சாபத்தைக் கேட்டதும்தான் தூக்கிவாரிப் போடும். ராஜா வேடத்தில் ஒரு வெள்ளைக்காரர் விருதுப் பத்திரம் வாசிக்கிறார். இக்கொடையை மீறுபவன் யூதாசோடு நரகத்தில் கிடப்பான் என்று முடிக்கிறார். நம் காதிலோ தமிழ்க் கல்வெட்டுகளின் "கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம்" ஒலிக்கிறது. கலிபோர்னியாவில் 1966இல் தொடங்கிய எஸ்.சி.ஏ. போன்ற மத்திய கால மறுநடிப்புக் குழுக்களுக்கு வரும் தமிழருக்கு, ஆங்கிலோ-சாக்ஸன் (1066க்கு முந்தைய இங்கிலாந்து) சாசன நடையில் விருதுப் பத்திரம் எழுதுவது அந்நியமான வேலையே அல்ல.

பத்திரத்தில் முதலில் சிலுவைக்குறி, பிறகு நிலையாமை பற்றிய முன்னுரை. இரண்டு வாக்கியம் போதும். நீட்டினால் விருது பெறுபவர் சபை நடுவே முழங்காலிட்டுக் காத்திருக்க வேண்டும். அடுத்து அரசர் பட்டங்கள், கொடை.

உயிர்நாடி எல்லைப் பகுதிதான். சோழர் கால ஆனைமங்கலச் செப்பேட்டில் வடமொழியில் புகழும் தமிழில் நிலமும் வருவதுபோல, அங்கே லத்தீன் சாசனத்துக்குள் எல்லை மட்டும் ஊர்ப்பேச்சில் இறங்கும். பழைய சாசனங்கள் சில நம்மைப் போலவே நாற்றிசை சொல்லி முடிக்கும். பிந்தையவற்றிலோ அடையாளம் அடையாளமாக எல்லையோடு நடந்தே போகலாம். 931இல் இங்கிலாந்து மன்னர் அத்தெல்ஸ்டன் தம் பணியாளர் வுல்ஃப்காருக்கு ஹாம் என்ற ஊரில் கொடுத்த நிலத்தின் எல்லையில் ‘கிரெண்டல் குளம்’கூட வருகிறது; கிரெண்டல் என்பது ‘பேவுல்ஃப்’ காவியத்து அரக்கனின் பெயர்!

நிலமில்லாத விருதுக்கும் எல்லை எழுதலாம். "முதலில் வாசலிலிருந்து ஓடை வழியே வளைந்த ஓக் மரத்துக்கு, அங்கிருந்து வில்லாளர் திடலுக்கு, திரும்பவும் வாசலுக்கு." நாலைந்து அடையாளம், வலச்சுற்று. தொடங்கிய இடத்துக்கே திரும்பாவிட்டால் எல்லை மூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். ‘அழகிய காடு’ என்றும் எழுதக் கூடாது. எந்த மரம் என்று சொல்ல வேண்டும்.

ஓக்கும் ஓடையும் பழகிவிட்டன என்றுதான் நினைப்போம். ‘அங்கிருந்து’ என்று எழுதியதும் கை தானாக மதகு, களத்துமேடு, அய்யனார் கோயில் என்று போய்விடும். கொடை நிலத்தைச் சுற்றிப் பிடியானையை நடத்தி எல்லை காட்டிய ஊர்க்காரர்களுக்கு வேறெப்படி வரும்? அவற்றை அடித்துவிட்டு, எதிரே இருக்கும் திடலைப் பார்த்து எழுதுங்கள்.

சாபத்தில் சமயம் வேண்டாம் என்றால், மீறுபவன் வில் நாணறுந்து போகட்டும் என்று விடலாம். சாட்சிகள் வரிசை மாறக் கூடாது: அரசர், பேராயர், ஆயர், பிரபுக்கள், தெய்ன்கள் (thegn) எனும் அரசப் பணியாளர்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் சிலுவை. அசல் சாசனங்களிலும் அவற்றைப் பெரும்பாலும் எழுத்தரே போட்டார். அதனால் நீங்களே வரைந்து, இன்றைய அரசரும் அரசியும் ஒப்பமிட அடியில் இடம் விடுங்கள்.