நகராத விமானம்

"பிளேன் நகரவே மாட்டேங்குது சார்." டெஸ்டிங் தம்பி இப்படிச் சொன்னபோது, திரையின் மூலையில் வேகம் மணிக்கு 1,400 கிலோமீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தது. மொபைலுக்கு ஒரு போர்விமான கேம் செய்துகொண்டிருந்தோம். விமானம் எப்படித் திரும்ப வேண்டும், எப்படிப் பறக்க வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. வேகத்தை 2,000 ஆக்கிப் பார்த்தேன். அப்போதும் நீல அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி அப்படியே இருந்தது.

"ஏஸ் காம்பாட்டை முதல்லேருந்து விளையாடிட்டு வாங்க" என்றார் எங்கள் லீட். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1992இல் ஆர்கேட் மெஷினில் (காசு போட்டு விளையாடும் பெட்டி) 'ஏர் காம்பாட்' என்று தொடங்கி, 1995இல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த போர்விமான கேம் தொடர் அது. இரண்டு வாரம் ஆபீஸில் கேம் விளையாடுவதுதான் வேலை என்றதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

பழைய பாகங்களைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். 1999இல் வந்த மூன்றாம் பாகத்தை மட்டும் நினைத்தால் வயிறு எரியும். ஜப்பானில் இரண்டு டிஸ்க், 52 மிஷன், அனிமே காட்சிகள். வெளிநாட்டுக்கு வந்தபோது கதையை வெட்டி ஒரே டிஸ்க்கில் அடக்கிவிட்டார்கள்.

2001இல் வந்த நான்காம் பாகத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. அங்கேயும் வானம் வெறும் வானம்தான். ஆனால் ரேடியோ ஓயவே ஓயாது. நம் ஆட்கள் மட்டுமல்ல, எதிரிகள் பேசுவதும் காதில் விழும். நாம் ஓட்டும் 'மோபியஸ் 1' ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் விமானத்தின் ரிப்பன் சின்னத்தைக் கண்டு எதிரிகள் பதறுவார்கள். அந்தப் பதற்றத்தைக் கேட்கக் கேட்க நாமும் வேகமாகப் போவது போலவே இருக்கும். கடைசி மிஷனில் சுரங்கம் போன்ற குழாய்க்குள் புகுந்து பறக்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது: பக்கத்தில் சுவர் வந்தால்தான் வேகம் தெரியும். பஸ் ஜன்னலில் தூரத்து மலை நகராது, வேலியோர மரம் பறக்கும், அதே கதைதான்.

2011இல் வந்த 'அசால்ட் ஹொரைசன்' வேறு வழியில் போனது. எதிரியை நெருங்கி இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால், நம் விமானம் தானே அவன் வாலைப் பிடித்துக்கொண்டு துரத்தும். கட்டடங்களுக்கு நடுவே படம் மாதிரி இருக்கும், சரி. ஆனால் ஓட்டுவது நாம் இல்லையே! எனக்குப் பிடிக்கவில்லை. ஏழாம் பாகம் (2019) மேகத்தைக் கொண்டுவந்தது. உள்ளே புகுந்தால் துரத்தும் ஏவுகணை நம்மைத் தவறவிடும். அதிக நேரம் இருந்தால் இறக்கையில் பனி உறைந்து விமானம் மக்கர் பண்ணும். வெறும் வானத்துக்கே ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்.

அதே ஆசையில் நானும் மேகம் போட்டேன். டெஸ்ட் போனில் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, 60இலிருந்து 18க்கு விழுந்தது. போனில் தோசை சுடலாம் போல இருந்தது. மேகத்தைத் தூக்கிவிட்டு, கேமரா விமானத்துக்குச் சற்றுப் பிந்தி வரும்படி செய்தேன். வேகம் கூடும்போது பார்வைக் கோணம் விரியும்படியும் வைத்தேன். ரேடியோ குரல்களுக்குத் தனியாகக் காசில்லை. மீட்டிங் ரூமில் ஏசியை அணைத்துவிட்டு, அக்கவுண்ட்ஸ் அக்கா உட்பட ஐந்து பேர் மைக் முன்னால் கத்தினோம். வெளியே வந்தபோது எல்லோர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது. எச்ஆர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடைசியாக முதல் மிஷனிலேயே ஒரு பாலத்தை வைத்து, அதன் அடியில்தான் போக வேண்டும் என்று ஆக்கினேன். வேகத்தைப் பழைய 1,400க்கே இறக்கியிருந்தேன். தம்பியிடம் போனைக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். பாலம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்தான்.