அனிமேவுக்கு நிரந்தர ரைடு எதற்கு?

ஜப்பானிய கார்ட்டூன்களான அனிமேவுக்குத் தீம் பார்க்கில் ரைடு கட்டினால் கூட்டம் வருமா என்ற சந்தேகம் தீர்ந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற அனிமே படம் வட அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே சுமார் 7 கோடி டாலர் வசூலித்தது.

சிக்கல் வேறு. பெரிய ரைடு என்றால் இருபது வருஷமாவது ஓடியாக வேண்டும். தொடர் முடிந்தபின் மவுசு அத்தனை நாள் தாங்குமா? ஜப்பானின் ஒசாகா யுனிவர்சல் பூங்கா 2015 முதல் ‘கூல் ஜப்பான்’ என்று சீசனுக்குச் சீசன் தொடர்களை மாற்றுகிறது. அதில் ஒரு வகை ரைடின் தண்டவாளம் பழைய ரோலர் கோஸ்டருடையதே. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடிக்குள் படம் மட்டும் புதுசு. ஆனால் சுற்றுக்குச் சுற்று கண்ணாடியைத் துடைத்து, பட்டையை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். பெட்டி கிளம்பத் தாமதமாகும், வரிசை நீளும்.

யுனிவர்சலின் ஹாலிவுட் பூங்கா 2025இல் தனி டிக்கெட் போட்டு, இரவு விழாவில் ‘ஒன் பீஸ்’, ‘ஜுஜுட்சு கைசென்’ தொடர்களை வைத்துப் பார்த்தது. என்னைக் கேட்டால் அந்த அளவே போதும். நிரந்தர இடம் போக்கிமானுக்கு மட்டும் தரலாம். பிக்காச்சுவைப் பாட்டிக்கும் தெரியும்.