ஸ்டெல்லாவின் கைகள்

'ரியர் விண்டோ' படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அறையில் நாலு பேர், ஒரே லேப்டாப். மற்ற மூவரும் கிரேஸ் கெல்லியின் உடைகளில் சொக்கிப்போயிருந்தார்கள். என் கண்ணோ நர்ஸ் ஸ்டெல்லாவின் கைகளிலேயே இருந்தது.

1954இல் ஹிட்ச்காக் எடுத்த படம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இடுப்புவரை மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டு ஜன்னல்களை வேடிக்கை பார்ப்பார். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய நர்ஸ்தான் ஸ்டெல்லா. உள்ளே நுழையும்போதே திட்டு ஆரம்பமாகிவிடும். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்த்தால் நியூயார்க்கில் ஆறு மாசம் உள்ளே தள்ளுவார்கள் என்பார். பேச்சோடு பேச்சாக அவர் வாயில் தெர்மாமீட்டரைச் செருகுவார். ஆளைக் கட்டிலுக்கு மாற்றிக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்க்கத் தொடங்குவார். இதைச் சூடுபண்ணக்கூடாதா என்று அவர் முனகினால், உங்கள் ரத்த ஓட்டத்துக்கும் சண்டை போட ஏதாவது வேண்டாமா என்று பதில் வரும். தேய்த்துக்கொண்டே 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தான் முன்கூட்டியே சொன்ன கதையை எடுத்துவிடுவார். அப்போது அவரிடம் சிகிச்சையில் இருந்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் இயக்குநர்களில் ஒருவர். டாக்டர்கள் சிறுநீரகக் கோளாறு என்றார்கள், இவர் நரம்புத் தளர்ச்சி என்றார். அவ்வளவு பெரிய கம்பெனிக்காரருக்கு எதற்கு நரம்புத் தளர்ச்சி என்று யோசித்தவர், அங்கேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

முதுகில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அதனால் கை ஒரு தாளத்தில் போகும், வாய் தன் போக்கில் பேசும். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. இது புத்தகத்தில் இல்லை, வருஷக்கணக்கில் செய்து செய்து வருவது. அந்தக் காட்சியில் அது அப்படியே இருந்தது. யாரிது, நிஜமாகவே நர்ஸாக இருந்தவரா என்று அன்று இரவே தேடினேன்.

நர்ஸ் இல்லை. தெல்மா ரிட்டர். 1902 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமட்டிக் ஆர்ட்ஸில் முறையாக நடிப்புப் படித்தவர். நாடகக் கம்பெனிகளில் நடித்துக்கொண்டிருந்தபோது ஜோசப் மோரன் என்ற நடிகரை 1927இல் மணந்தார். மோரன் நடிப்பை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். தெல்மா இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காக நடிப்பை நிறுத்திவிட்டு, 1940களில் வானொலி வழியாகத் திரும்பி வந்தார். கையில் வேலை இருக்கும்போதே வாய் பேசும் அந்த லாகவம், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட அந்த வருஷங்களில் வந்ததாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சினிமாவுக்கு வந்தபோது வயது 45. இயக்குநர் ஜார்ஜ் சீட்டன் குடும்ப நண்பர். 1947இல் வந்த அவருடைய 'மிராக்கிள் ஆன் தேர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தில் தெல்மாவுக்கு ஒரு சின்னக் காட்சி. மேசிஸ் கடையில் மகனைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க வரும் அம்மா. பையன் தீயணைப்பு வண்டி பொம்மை கேட்கிறான். கடை கடையாக ஏறி இறங்கி அது கிடைக்காமல் கால் கடுத்துப்போய் நிற்கிறவள் அவள். மேசிஸில் இல்லை, இன்னொரு கடையில் கிடைக்கும் என்று தாத்தாவே வழி சொல்கிறார். அவள் முகத்தைப் பாருங்கள்: முதலில் சந்தேகம், அப்புறம்தான் மெதுவாக நம்பிக்கை. படத்தின் எழுத்துப் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. ஆனால் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் தலைவர் டாரில் ஜானக் கண்ணில் பட்டுவிட்டார், அங்கேயே ஒப்பந்தமும் ஆனது.

1949இல் ஜோசப் மான்கிவிச் தன் 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' படத்தில் வீட்டு வேலைக்காரியாக நடிக்கவைத்தார். அதிலும் பெயர் போடவில்லை. மறுவருஷம் அதே மான்கிவிச் 'ஆல் அபவுட் ஈவ்' எடுத்தபோது பேர்டி என்ற பாத்திரத்தைத் தந்தார். பெட்டி டேவிஸ் அதில் பெரிய நாடக நடிகை, பேர்டி அவருக்கு ஒப்பனை அறையில் உடை மாற்றிவிடும் உதவியாளர், ஒரு காலத்தில் தானும் மேடை ஏறியவள். ஈவ் என்ற இளம்பெண் வந்து தன் சோகக் கதையைச் சொல்லும்போது அறையே கரைந்துபோகும். பேர்டி மட்டும், துரத்திக் கடிக்க வேட்டைநாய்கள் மட்டும்தான் இந்தக் கதையில் குறைச்சல் என்பாள். பின்னொரு நாள் எஜமானி கேட்கும்போது, அந்தப் பெண் உங்களைப் பாடம் படிக்கிற மாதிரி படிக்கிறாள், நீங்கள் நடப்பதை, சாப்பிடுவதை, தூங்குவதை எல்லாம் கவனிக்கிறாள் என்று சொல்வாள். படம் முழுக்க நடக்கப்போவது அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. எஜமானி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அதற்குப் பிறகு நடக்கும் விருந்தோடு பேர்டி படத்திலிருந்தே காணாமல் போய்விடுவாள். வேலையை விட்டாளா, நிறுத்தினார்களா, ஒன்றும் சொல்லப்படாது. எனக்கு இது முதல் தடவை உறைக்கவில்லை. மூன்றாம் முறை பார்த்தபோதுதான் 'பேர்டி எங்கே?' என்று கேட்டுப் படத்தை நிறுத்தினேன். அதன்பின் மற்ற படங்களிலும் தேட ஆரம்பித்தேன். 1961இல் வந்த 'தி மிஸ்ஃபிட்ஸ்' படத்தில் ரீனோவில் விவாகரத்துக்கு வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடும் இசபெல். மர்லின் மன்றோவுக்கும் கிளார்க் கேபிளுக்கும் அதுதான் முழுசாக முடித்த கடைசிப் படம். அவர்கள் நடுவில் முறிந்த கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தெல்மா நிற்பார். பாதியில் தன் முன்னாள் கணவரையும் அவருடைய புது மனைவியையும் பார்த்து, அவர்களோடு கிளம்பிப் போய்விடுவாள். அதற்கப்புறம் படத்தில் சூடு குறைந்துவிடுகிறது. பாலைவனத்தில் அந்த நாலு பேரையும் அதட்ட ஆளில்லை. 1962இல் 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' படத்தில் பர்ட் லங்காஸ்டரின் தாய். மகனின் தூக்குத் தண்டனையை நிறுத்த ஜனாதிபதி வில்சனின் மனைவிவரை போய் மன்றாடுகிறவள், மகன் வாழ்வில் இன்னொரு பெண் வந்ததும் கல்லாகிவிடுகிறாள். அவளும் பாதியில் வெளியேறிவிடுவாள். சிரிப்பின் சாயல்கூட இல்லாத அந்த முகம்தான் அவர் செய்ததிலேயே எனக்குப் பயமூட்டியது.

வேலைக்காரி, நர்ஸ், சமையல்காரி, வீட்டுக்காரம்மா. வேலை முடிந்ததும் கதை இவர்களை அனுப்பிவிடுகிறது. எழுதுகிறவர்களுக்கு அதற்குமேல் இவர்கள் தேவைப்படவில்லை. ஆனால் தெல்மா நடித்தால் அந்த இடம் காலியாக இருப்பது தெரிகிறது. அந்தக் காலி இடத்துக்காகத்தான் அவரை இத்தனை வருஷமாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

ஆஸ்கர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சிறந்த துணை நடிகை பிரிவில் 6 முறை பரிந்துரை, அந்தப் பிரிவில் வேறு யாரும் அதைத் தாண்டியதில்லை. அதில் முதல் 4, 1950 முதல் 1953 வரை வரிசையாக வந்த படங்களுக்கு. பிறகு ராக் ஹட்சனையே குடியில் தோற்கடிக்கும் வேலைக்காரியாக வந்த 'பில்லோ டாக்', கடைசியாக அல்கட்ராஸ் தாய். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. 1955 மார்ச்சில் நடந்த விழாவை ஹாலிவுட்டிலிருந்து பாப் ஹோப்பும் நியூயார்க்கிலிருந்து தெல்மாவும் தொகுத்து வழங்கினார்கள். அன்றுதான் கிரேஸ் கெல்லிக்குச் சிறந்த நடிகை விருது, வேறொரு படத்துக்காக. 'ரியர் விண்டோ' ஸ்டெல்லாவைப் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. எனக்கு இன்றும் இது வலிக்கிறது. மேடை அவரை மதித்தது. 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக 1958இல் டோனி விருது, அதே நாடகத்தின் குவென் வெர்டனோடு சமமாகப் பகிர்ந்தது.

அவருடைய கடைசிப் படம் 1968இல். இயக்கியவர் அதே ஜார்ஜ் சீட்டன். 1969 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். 67 வயது நிறைய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு பாட்டி. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர். வாரம் மூன்று நாள் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சி முடிந்ததும் முழங்காலில் ஐஸ் பேக் வைத்துக் கால் மணி நேரம் உட்காரவேண்டும். அந்தக் கால் மணியில் என் போனில் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்தைத் தவணை முறையில் பார்த்தோம். 80 நிமிஷப் படம், இரண்டு வாரம் ஓடியது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன்.

1953இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்தது. தெல்மா அதில் மோ. பெட்டியில் டை வைத்து விற்கிற கிழவி. அது பேருக்கு. உண்மையான வியாபாரம், ஜேப்படிக்காரர்களைப் பற்றிப் போலீசுக்குத் துப்பு விற்பது. விலைவாசி ஏறிவிட்டது, அதனால் துப்பின் விலையும் ஏறிவிட்டது என்று போலீஸ் கேப்டனிடமே பேரம் பேசுவாள். அவள் காட்டிக்கொடுத்த ஜேப்படிக்காரன் ஸ்கிப்புக்கும் அவள்மேல் கோபமில்லை. அவளும் சாப்பிடணுமே என்கிறான். இத்தனையும் அவள் சேர்ப்பது ஒரே காரியத்துக்கு. நியூயார்க்கில் கேட்பாரற்ற பிணங்களைப் புதைக்கும் பொது மயானம் ஒன்று உண்டு. அங்கே போய்விடக்கூடாது, லாங் ஐலண்டில் நல்ல இடத்தில் ஒரு குழியும் கல்லும் தனக்கென்று வேண்டும்.

பாட்டி இங்கே, "காசு சேந்துதாம்மா?" என்று கேட்டார். பார்ப்போம் பாட்டி என்றேன்.

அந்தக் காட்சி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இரவு. மோ அறைக்குத் திரும்புகிறாள். டை வைத்த பெட்டி ஓரமாகப் போகிறது. இசைத்தட்டை ஓடவிட்டுக் கட்டிலில் சாய்கிறாள். ஸ்கிப்பின் முகவரி கேட்டு ஒருவன் துப்பாக்கியோடு அறையில் இருக்கிறான். காசுக்கு எதையும் விற்கிற மோ, இதை விற்க மாட்டேன் என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை, வீரமாகவும் இல்லை. நாள் முழுக்க நின்ற குரல். ஓடி ஓய்ந்த பழைய கடிகாரம் மாதிரி ஆகிவிட்டேன், சாவுச் செலவுக்காகவே உயிரோடு இருந்து சம்பாதிக்க வேண்டியிருக்கிறது, நீ சுட்டால் எனக்குப் பெரிய உபகாரம் என்கிறாள். மற்ற படங்களில் தெல்மாவின் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும், தட்டு, துணி, எண்ணெய்ப் புட்டி. இங்கே ஒன்றுமில்லை. அந்தச் சோர்வு நேராக முகத்துக்கு வந்துவிடுகிறது. கேமரா அவளை விட்டு இசைத்தட்டுப் பக்கம் நகர்கிறது. பாட்டு முடிகிறது, வெடிச்சத்தம் கேட்கிறது.

ஒரு வார்த்தை புரியாத பாட்டி, நான் மொழிபெயர்க்க வாய் திறக்கும் முன்னே சொன்னார்: "பாவம், அந்தம்மாவுக்கு ரொம்ப அலுத்துப்போச்சு."

ஐஸ் பேக் எப்போதோ உருகியிருந்தது. எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தவணையில், பொது மயானத்துக்குப் போகும் படகிலேறி ஸ்கிப் அவள் சவப்பெட்டியைத் தன் பொறுப்பில் கேட்டு வாங்குவதைப் பார்த்ததும் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த அம்மா நடித்தது வேறு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். 'தி மேட்டிங் சீசன்' எடுத்து வைத்திருக்கிறேன். ஹாம்பர்கர் கடை நடத்திய ஒரு தாய் மகன் வீட்டுக்கு வருகிறாள், புது மருமகள் அவளை வேலைக்கு வந்த சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள், அவளும் உண்மையைச் சொல்லாமல் அங்கேயே சமைக்கத் தொடங்குகிறாள் என்று இவ்வளவுதான் சொன்னேன்.

"சொல்லலியா? மகனுமா சும்மா இருந்தான்?" என்று முழங்காலை மறந்து எழப்போனார். உட்காருங்க பாட்டி, வியாழக்கிழமை பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.