முருங்கை இலையும் மங்குஸ்தீன் வேரும்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்வேலியோரம் ஒரு முருங்கை மரமும், அதன் நிழலில் ஒரு மங்குஸ்தீன் கன்றும் நிற்கின்றன. இரண்டுக்கும் மண் ஒன்று, மழை ஒன்று. முருங்கையைக் கீரைக்காக எத்தனை முறை மொட்டையடித்தாலும் சில வாரங்களில் தழைத்துவிடுகிறது. மங்குஸ்தீனோ ஒரு ஜோடி இலை விடுவதற்கே மாதக்கணக்கில் யோசிக்கிறது. சென்ற ஆண்டு இரண்டிலும் புதிதாக விரிந்த இலைகளின் காம்புகளில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். முருங்கையில் நூல் கட்டிய ஈர்க்குகள் விரைவிலேயே பழுத்து விழுந்தன. மங்குஸ்தீனில் நூலின் சாயம்தான் வெளுத்தது, இலை அப்படியே இருக்கிறது.

இலை என்பது செடி போடும் முதல். அந்த முதல் எவ்வளவு, அது எத்தனை நாளில் திரும்பி வரும், திரும்பிய பிறகு எவ்வளவு காலம் இலாபம் தரும் என்ற கணக்கில்தான் இலைகள் வேறுபடுகின்றன. முருங்கை மெல்லிய, மலிவான இலையைச் செய்து, அதில் தழைச்சத்தை (நைட்ரஜனை) நிறைத்து, வெயிலில் வேகமாகச் சர்க்கரை தயாரித்துக்கொண்டு, பழையதை உதறிவிடுகிறது. மங்குஸ்தீன் தோல்போல் தடித்த இலையைச் செய்கிறது; அதன் ஒரு சதுர அங்குலத்துக்குச் செலவாகும் பொருள் மிக அதிகம், வேலை மெதுவு, ஆனால் ஆயுள் நீளம். எங்கள் தாத்தா பால் வெட்டிய ரப்பர் மரம், ஆண்டுக்கொருமுறை மொத்தமாக இலையுதிர்த்துத் துளிர்ப்பதால், இவ்விரண்டுக்கும் நடுவில் வரும்.

இது என் வீட்டுக் கொல்லையின் தற்செயல் அன்று. இயன் ரைட்டும் அவருடைய கூட்டாளிகளும் உலகெங்கும் 175 இடங்களிலிருந்து 2,548 வகைத் தாவரங்களின் இலை அளவுகளைத் திரட்டி, 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் பட்டியலில் ஒரு மாதம்கூட நிலைக்காத இலையும் இருந்தது, 24 ஆண்டுகள் நிலைத்த இலையும் இருந்தது. எடை, தழைச்சத்து, ஒளிச்சேர்க்கையின் வேகம், ஆயுள் எல்லாம் தனித்தனியாக மாறாமல், பெரும்பாலும் ஒரே கோட்டில் சேர்ந்து நகர்ந்தன என்பதே அவர்கள் கண்டது.

வேகமும் வேண்டும், நீண்ட ஆயுளும் வேண்டும் என்று ஒரு செடி ஏன் கேட்க முடியாது? இலையின் தழைச்சத்தில் பெரும்பங்கு, காற்றிலிருந்து கரியைப் பிடிக்கும் ரூபிஸ்கோ முதலிய புரதங்களில் இருக்கிறது. இலை உறுதியாக இருக்க வேண்டுமென்றால் செல் சுவர்கள் தடிக்க வேண்டும். சுவருக்குப் போன பொருள் புரதத்துக்கு வராது, தடித்த சுவரைக் கடந்து கரியமில வாயு உள்ளே போவதும் தாமதமாகும். புரதம் நிறைந்த மெல்லிய இலையோ நமக்கு மட்டும் கீரையன்று, புழுவுக்கும் அதுதான் கீரை. எங்கள் முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறாத ஆண்டு கிடையாது. அடர்ந்த நிழலில் வளரும் செடிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு: வெளிச்சம் குறைவாக இருப்பதால் போட்ட முதல் திரும்பவே நெடுநாளாகும், அதற்குள் இலை போய்விட்டால் நட்டம்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகு, வேரும் இப்படித்தான் இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்துக்கு ஒரு கன்றை விலையாகக் கொடுத்தேன். இப்போதுள்ள மங்குஸ்தீன் இரண்டாவது கன்று. முதல் கன்றை இடம் மாற்றியபோது, புது மண்ணில் வேர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று பழைய மண்ணை முழுவதும் தண்ணீரில் அலசிவிட்டேன். ஆறு வாரத்தில் அது கருகியது. பாலிக் பூலாவில் பழத்தோட்டம் வைத்திருக்கும் மாமா அடுத்த கன்றைத் தந்தபோது, “வேரை உதறாதடா, அந்த மண்ணோடயே இறக்கு” என்றார். காரணம் கேட்டதற்கு, “மங்குஸ்தீன் அப்படித்தான்” என்பதோடு முடித்துக்கொண்டார்.

மங்குஸ்தீனின் வேர்களில், நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்மயிர்களான வேர்த்தூவிகள் இல்லை என்பது தோட்டக்கலையில் தெரிந்த செய்தி. மண்ணைத் துழாவி மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுப்பதில் அது பெரிதும் பூஞ்சையை நம்பியிருக்கிறது. வேருக்குள் குடியேறும் பூஞ்சை, தலைமுடியைவிட மெல்லிய தன் இழைகளை வேர் எட்டாத இடங்களுக்கெல்லாம் நீட்டிச் சத்தைக் கொண்டுவந்து கொடுக்க, செடி அதற்குச் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. நான் அலசிக் கொட்டியது அழுக்கை மட்டுமல்ல, கூலியாட்களையும்தான் என்று இப்போது தோன்றுகிறது; வேர் அறுந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜோனா பெர்க்மானும் அவருடைய குழுவினரும் 1,810 வகைத் தாவரங்களின் வேர்களை ஆராய்ந்து 2020-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. வேரில் ஓர் அச்சு இலையைப் போன்றதே: ஒரு முனையில் தழைச்சத்து மிகுந்த துரித வேர், மறுமுனையில் அடர்த்தியான, நிதானமான வேர். அதற்குக் குறுக்கே, அதைச் சாராமல் இன்னோர் அச்சு செல்கிறது. ஒரு கிராம் பொருளை மெல்லிய நூலாக இழுத்து மண்ணைத் தானே துழாவும் வேர் ஒரு பக்கம். பருத்து, தோலுக்கு அடுத்த சதைப்பகுதியான புறணியில் பூஞ்சைக்கு இடம் விட்டு, வேலையை அதனிடம் ஒப்படைக்கும் வேர் மறுபக்கம். இலையால் இப்படி ஒப்படைக்க முடியாது, வெயிலை வாங்கித் தர ஆளில்லை. ஆகவே இலையைப் பார்த்து வேரை ஊகிப்பது பாதிதான் பலிக்கும்.

தண்ணீர்மலை அருகிலுள்ள தாவரவியல் பூங்காவை 1884-இல் தொடங்கிய சார்ல்ஸ் கர்ட்டிஸின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கிய செராயா மரம் கொடிமலையில் நிற்கிறது. அதுவும் பூஞ்சையோடு கூட்டு வைத்ததுதான், ஆனால் அந்தப் பூஞ்சை வேர் நுனிக்கு வெளியே உறைபோல் போர்த்திக்கொள்ளும் வேறு வகை என்பதால், பருமனைப் பற்றிய மேற்சொன்ன கணக்கை அதற்கு அப்படியே பொருத்தக் கூடாது. அதே மலையில் குடுவைத் தாவரமும் உண்டு. மலாய்க்காரர்கள் அதைக் குரங்குப் பானை என்பார்கள். சத்தற்ற மண்ணில் வேர் தேடித் தர முடியாத தழைச்சத்தை அதன் இலையே பூச்சி பிடித்துச் சம்பாதிக்கிறது, அதற்காக ஒளிச்சேர்க்கையில் இழப்பையும் ஏற்கிறது.

இரண்டாவது கன்றை மாமா சொன்னபடி மண்கட்டி உடையாமல் இறக்கினேன். போன வாரம் இளஞ்சிவப்பாக ஒரு ஜோடி இலை விட்டிருக்கிறது. அதற்கும் நூல் கட்டியாகிவிட்டது. இம்முறை சாயம் போகாத நைலான் நூல்.